காலியாக விட்ட வட்டம்

டண்டினொங் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால், ஒரு டயர் கடைக்குப் பின்னால் அந்த மண்டபம் வரும். மரத்தரை, தகரக் கூரை, பின்பக்கம் ஒரு சமையலறை, மழை பெய்தால் ஒழுகும் கழிப்பறை. ஐந்து வருடமாக அதன் சாவி என்னிடம் இருக்கிறது. நான் அருமைநாதன். கிள்ளானில் பிறந்து, இங்கே ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க வந்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்று, வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது மனைவிக்குப் பொறுக்காததால் மண்டபப் பொறுப்பாளர் ஆனவன். வாடகைக்கு எடுப்பவர்களிடம் நான் கறார். தரையில் எண்ணெய் சிந்தக்கூடாது, சுவரில் பலூன் ஒட்டக்கூடாது, ஆறு மணிக்குமேல் மேளம் கூடாது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதோடு சரி, மற்றதெல்லாம் மனப்பிராந்தி என்று சொல்லித் திரிந்தவன். இப்போதும் அப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை மிஸஸ் பிரிஸ்டல் வந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். கரீபியன் கடலில் கரியாகு என்றொரு சின்னத் தீவிலிருந்து முப்பது வருடங்களுக்கு முன் வந்தவர்.

"அம்மா கனவில் வந்து பசிக்கிறது என்றார். இரண்டு தடவை வந்துவிட்டார். மேளம் அடித்துச் சாப்பாடு வைக்க வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில். பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம் கேட்பவர் குரல்தான் அது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் படிவத்தை நிரப்பிக்கொண்டே சொன்னார். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டபோது அவருடைய முன்னோரில் ஒவ்வொரு இனத்தாருக்கும் ஒரு தாளம் இருந்ததாம். குரமாந்தி ஆட்களுக்கு ஒன்று, இக்போ ஆட்களுக்கு ஒன்று, கொங்கோ ஆட்களுக்கு ஒன்று. மொழி போயிற்று. ஊரின் பெயர் போயிற்று. தாளம் மட்டும் காலில் தங்கிவிட்டது.

"நீ யார் என்று மேளம் கேட்கும். கால் பதில் சொல்லும். இருட்டிய பிறகு கொஞ்ச நேரம் வட்டத்தைக் காலியாக விடுவோம். அப்போது உயிருள்ளவர்கள் யாரும் அதில் கால் வைப்பதில்லை. வந்தவர்கள் ஆடுவார்கள்."

"ஆறு மணிக்குமேல் மேளம் கூடாது" என்றேன் நான்.

"ஜூன் மாதம், குளிர்காலம்தானே. ஐந்து மணிக்கே இருட்டிவிடும்" என்றார்.

அந்த நேரத்தில் யோகா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். பகலில் கோழி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை, மாலையில் மண்டபத்தைச் சுத்தம் செய்வாள். வன்னியில் கடைசி யுத்தத்துக்குள் அகப்பட்டு வெளியே வந்தவள். நான்கு வயது மகள் சிவகௌரியை அங்கேயே ஷெல்லடியில் பறிகொடுத்துவிட்டு வந்தாள். புருஷன் விக்னராஜாவை விசாரணைக்கு என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினாறு வருடமாகச் செய்தி இல்லை. அவள் நெற்றியில் குங்குமம் இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது. திவசம் செய் என்று சொன்னதற்காக, சிட்னியில் பென்டில் ஹில்லில் இருக்கும் சொந்த அண்ணன் சிறிதரனோடு மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அவளுடைய உயிர் நின்றுகொண்டிருந்ததே அவன் உயிரோடு இருக்கிறான் என்ற ஒரு நம்பிக்கையில்தான்.

மிஸஸ் பிரிஸ்டல் அவளிடமும் ஒரு தாளை நீட்டினார். "இந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற எல்லாருடைய இறந்தவர்களையும் கூப்பிடுவோம். உன்னுடையவர்களை எழுது."

யோகா கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு பெயர் எழுதினாள். சிவகௌரி விக்னராஜா.

நம்மவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. பிள்ளையின் பெயர், பக்கத்தில் அப்பா பெயர். ஆனால் வெள்ளைக்காரர் வழக்கத்தில் இரண்டாவது பெயர் குடும்பத்தின் பெயர். என் அப்பா ஏசுவடியான் இறந்து முப்பது வருடம் ஆகிறது, ஆஸ்திரேலியா இன்னும் அவருக்குத்தான் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்தபோதே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மதியம் நாற்பது பேர் வந்தார்கள். ரம் பீப்பாயில் ஆட்டுத்தோல் கட்டிய மூன்று மேளங்கள். நடு மேளத்தின் தோலுக்குக் குறுக்கே ஊசிகள் கோத்த ஒரு நூல் இழுத்துக் கட்டியிருந்தது. அடிக்கும்போது அது வண்டு போல் இரைந்தது. அதை அடித்தவர் கத்பர்ட், மிஸஸ் பிரிஸ்டலின் ஒன்றுவிட்ட தம்பி. அவர்கள் தரையில் தண்ணீர் தெளித்தார்கள். பிறகு ரம் தெளித்தார்கள். போன மாதம்தான் தரைக்கு பாலிஷ் போட்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

முதலில் முன்னோரிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டு, முழங்காலில் நின்று. பிறகு ஒவ்வொரு இனத்தாருக்கும் அவரவர் தாளம். தாளம் மாறும்போது ஒருவர் இருவராக எழுந்து வட்டத்துக்குள் போனார்கள். எழுபது வயதுக் கிழவர் ஒருவர் தடியை என் கையில் தந்துவிட்டுப் போய் ஆடினார். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு என் தாத்தாவுக்கு அப்பால் யாரையும் தெரியாது, எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினோம் என்றும் தெரியாது. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஐந்தேகாலுக்கு ஜன்னல்கள் கறுத்தன. விளக்கை அணைத்து இரண்டு மெழுகுவர்த்தி மட்டும் வைத்தார்கள். மிஸஸ் பிரிஸ்டல் தாளைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டபின் குடும்பத்தையும் கூப்பிட்டார்.

"பிரிஸ்டல் ஆட்கள், எல்லாரும் வாருங்கள். குவாஷி ஆட்கள், எல்லாரும் வாருங்கள். சிவகௌரி, வா மகளே. விக்னராஜா ஆட்கள், எல்லாரும் வாருங்கள்."

அப்போது எனக்கு உறைத்தது. விக்னராஜா ஆட்கள் என்று யாரும் இல்லை. விக்னராஜா ஒரே ஒரு மனுஷன்.

வட்டத்தைக் காலியாக விட்டார்கள். மேளம் மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஈரத் தரையிலிருந்து ரம் வாடை எழுந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு கூட்டத்தில் சிலர் புன்னகைத்தார்கள், கோயிலில் தெரிந்தவரைக் கண்டவர்கள் போல. வட்டத்துக்குள் லேசான காலடிகள், துணி உரசும் சத்தம், எங்கோ ஒரு குழந்தை தத்தித் தத்தி ஓடும் சத்தம். மரத்தரை பழசு, குளிரில் முனகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் மற்றது கேட்டது.

டொக்.

இழுபடும் ஒரு கால்.

டொக்.

கத்பர்ட்டின் கைகள் தடுமாறின. மூன்று மேளமும் தாளத்தை விட்டுவிட்டு அந்தக் காலைப் பின்பற்றின. எந்த இனத்தாரின் தாளமும் அல்ல அது. கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. கத்பர்ட் பிற்பாடு என்னிடம் சொன்னார், "நான் அடிக்கவில்லை. கை தானாகப் போனது."

எல்லாரும் வட்டமாகச் சுற்றி ஆடிய இடத்தில் அது சுற்றவில்லை. நேராக நடந்தது. ஆறு அடி. திரும்பி ஆறு அடி.

சமையலறைக் கதவு திறந்தது. சமையலுக்கு உதவ வந்திருந்த யோகா கரண்டியோடு நின்றாள். 

"அடிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அது அவரின்ரை நடை. இடது காலுக்குப் பொய்க்கால் போட்டவர். எனக்குத் தெரியும்."

மேளத்தை நிறுத்தினோம், விளக்கைப் போட்டோம். மிஸஸ் பிரிஸ்டலுக்கு நான் பெயர் விஷயத்தை விளக்கினேன். அவர் யோகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வந்தவருக்குச் சாப்பாடு வைக்க வேண்டும் மகளே. வைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போவார். வைக்காவிட்டால் போக மாட்டார். நீதான் வைக்க வேண்டும்."

யோகா கைகளை உருவிக்கொண்டாள்.

"அவர் சாகேல்லை. செத்தவைக்குத்தானே படைக்கிறது. நான் போயிட்டு வாறன் அண்ணை."

அவள் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். நான் கதவைப் பூட்டும்போது உள்ளே அது நடந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் முழுவதும் நடந்தது. பகலில் சத்தம் இல்லை. ஐந்து மணிக்கு ஜன்னல் கறுத்ததும் தொடங்கும். திங்கட்கிழமை வந்த உடற்பயிற்சி வகுப்புக்காரர்கள் எனக்கு ஒழுகும் கழிப்பறையைப் பற்றி மட்டும் புகார் சொன்னார்கள், ஆனால் செவ்வாய்க்கிழமை முன்பணத்தைக்கூடக் கேட்காமல் பதிவை ரத்து செய்தார்கள். நான் மண்டபத்தில் கால் வைக்கவே பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காருக்குள் உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

யோகா மட்டும் தினமும் வந்தாள். சுத்தம் செய்ய ஒன்றும் இல்லாத நாளிலும் வந்தாள். சுவரோரம் ஒரு கதிரையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பதினாறு வருடத்துக்குப் பிறகு புருஷனின் காலடியைக் கேட்கும் ஒரு பெண்ணிடம் எழுந்து வீட்டுக்குப் போ என்று எப்படிச் சொல்வது? எனக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை நானும் துணிந்து உள்ளே போய் நின்றேன். நடை வேகமாயிற்று.

ஆறு அடி. திரும்பி ஆறு. திரும்பி ஆறு. பொய்க்கால் தரையில் உரசிக் கிறீச்சிட்டது.

பிறகு ஆறாவது அடியில் ஒரு கை எதையோ அறைந்தது. சிமெண்டுச் சுவரில் உள்ளங்கை விழும் சத்தம்.

மண்டபத்தின் நடுவில். அங்கே சுவர் இல்லை.

"பசிக்குது அவருக்கு" என்றாள் யோகா. கண்ணைத் திறக்கவில்லை. "பசி வந்தால் இப்பிடித்தான். ஓரிடத்திலை இருக்க மாட்டார்."

அன்று அவள் எழுந்துபோய்க் குழாயடியில் நெற்றியைக் கழுவினாள். குங்குமம் கரைந்து தொட்டியில் போனது. துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்துச் சிட்னிக்கு அடித்தாள்.

"அண்ணா, நான் யோகா. ஓம், சுகமாயிருக்கிறன். திவசத்துக்கு ஒரு நாள் பாருங்கோ."

மறுமுனையில் சிறிதரன் அழுவது எனக்கே கேட்டது. அவள் அழவில்லை. பதினாறு வருடம் தாங்கிப் பிடித்ததை ஒரு நிமிடத்தில் கீழே வைத்துவிட்டாள். பசியோடு அலைய விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மிஸஸ் பிரிஸ்டல் வந்து சமையலறையில் கூடவே நின்றார். சோறு, கோழி, மரவள்ளிக்கிழங்கு. உப்பு டப்பாவை எடுத்த யோகாவின் கையை அவர் தடுத்தார். "எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு உப்பில்லாமல்தான் வைப்போம். உப்பு உயிருள்ளவர்களுக்கு. தின்றால் உடல் கனத்துவிடும், கடலைத் தாண்டி ஊருக்குப் பறக்க முடியாது என்பார்கள்." யோகா தட்டை மண்டபத்தின் நடுவில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடினாள். வெளியே வந்து கதவைப் பூட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் சர்ச்சுக்குப் போகவில்லை. மூவரும் உள்ளே போனோம். சோறு வைத்தபடியே இருந்தது. மிஸஸ் பிரிஸ்டல் சிரித்தார். "அவர்கள் சோற்றையா தின்பார்கள்? ருசியைத்தான் தின்பார்கள். மிச்சம் சக்கை மாதிரி இருக்கும்." ஒரு துண்டுக் கோழியைப் பிய்த்து வாயில் போட்டார்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன?" என்றேன்.

"ருசி அப்படியே இருக்கிறது." அவர் துண்டைக் கையில் துப்பினார். குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. "இதுவரை இப்படி ஆனதில்லை. எங்களுக்கு இறந்தவர்களைக் கூப்பிடத்தான் தெரியும். இறக்காத ஒருவனைக் கூப்பிட்டால் எது வரும் என்று எனக்குத் தெரியாது."

அவர் யோகாவைக் கட்டிக்கொண்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு நான் யோகாவைத் தனியே விட மனமில்லாமல் பக்கத்தில் நின்றேன். நடை தொடங்கியது. அவள் விரலில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆறு. திரும்பி ஆறு" என்றாள். "அண்ணை, அவர் இங்கை நடக்கேல்லை. எங்கையோ ஒரு அறைக்குள்ளை நடக்கிறார். எங்களுக்குக் கேக்குது, அவ்வளவுதான்."

 செத்தவன் நடக்கிறான் என்று நினைத்தபோது இருந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, பருப்பு. உறைப்பும் உப்புமாக அவளே தின்னச் சமைத்தது. தட்டில் கொட்டி, காலடிகள் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பூட்டிக்கொண்டு போனோம்.

திங்கட்கிழமை காலை தட்டு காலி. வழித்துத் தின்ற விரல் தடங்கள் குழம்பில் காய்ந்திருந்தன. விளிம்பில் நாலைந்து கறிவேப்பிலை வரிசையாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

யோகா முதன்முறையாகச் சிரிப்பதை நான் பார்த்தேன். "கறிவேப்பிலை தின்ன மாட்டார். கண்ணுக்கு நல்லது எண்டு எத்தினை தரம் சொன்னனான், கேக்க மாட்டார்." அவள் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அண்ணனுக்குப் போன் போட்டு, நாள் பார்க்க வேண்டாம் என்றாள்.

மண்டபத்துக்கு எலி வரும், கூரையில் திரியும் போஸம் என்ற பிராணி வரும். நான் அதையெல்லாம் யோசித்துப் பார்க்காமல் இல்லை. பூட்டிய கதவு, அடைத்த ஜன்னல், கறிவேப்பிலையை ஒதுக்கத் தெரிந்த போஸம். வேண்டாம்.

மாலை நடை தொடங்கியதும் நான் தடுப்பதற்குள் அவள் எழுந்து நடுவில் போய் நின்றாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள் காற்றைப் பார்த்து.  "நான் யோகா. எங்கை இருக்கிறியள்?"

காலடி நின்றது.



"சொல்லுங்கோ. எங்கை வைச்சிருக்கிறாங்கள்? நான் ஆரையும் பிடிச்சு வாறன்."

பொய்க்கால் அவளை நோக்கி ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. பிறகு ஒரு ஆணின் குரல், மிகவும் உடைந்த குரல், ஒரு சொல்லைத் தொடங்கியது. யோ என்று.

தூரத்தில் ஒரு இரும்புக் கதவு திறந்தது.

பூட்ஸ் கால்கள். இரண்டு பேர். அவசரமில்லாமல் வந்தார்கள்.

யோகா தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பொய்க்கால் பின்னோக்கி இழுபட்டது, வேகமாக, மூலைக்கு. அதன் பிறகு கேட்டதை நான் எழுதப் போவதில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். டயர் கடைக்காரன் எங்களை வேடிக்கை பார்த்தான்.

செவ்வாய் நடை இல்லை. வைத்த சோறு வைத்தபடி. புதனும் இல்லை. வியாழனும் இல்லை. அவள் வேலைக்குப் போகவில்லை, தலை வாரவில்லை. நான் பேசினதாலைதான், நான் பேசினதாலைதான் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு ஊக்கமாக ஜெபித்ததில்லை. எதற்காக ஜெபித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தோம். தட்டு பாதி காலியாக இருந்தது. சோறு தின்னப்பட்டிருந்தது, கருவாட்டுத் துண்டுகள் அப்படியே கிடந்தன. விளிம்பில் கறிவேப்பிலை ஒதுங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பல் இருந்தது, வேரோடு.

 யோகா பல்லை எடுத்துக் குழாயில் கழுவி, கைக்குட்டையில் முடிந்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். தட்டையும் கழுவி வைத்தாள்.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் பல தடவை கிளம்பிப் போய், பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். புதிதாக வருபவர் கதவைத் திறந்துவிட மறுத்தால் அவள் என்ன செய்வாள்? இப்போது மாலை ஐந்து மணிக்குமேல் மண்டபத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. நடை மறுபடியும் தொடங்கிவிட்டது, முன்பைவிட மெதுவாக. அவள் கதிரையில் உட்கார்ந்து கேட்கிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோற்றைக் குழைய வடித்து, பருப்பை நன்றாக மசித்து, மீனில் முள்ளெடுத்து வைக்கிறாள்.